சுணங்கினால் இரண்டு உயிர்

கிளினிக் நாளில் அக்கராயன் வைத்தியசாலைக்குப் போனால், காலை எட்டு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். ஸ்கந்தபுரம், கோணாவில், ஆனைவிழுந்தான், வன்னேரிக்குளம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கர்ப்பிணித் தாய்மார் வந்திருப்பார்கள். சிலர் கணவரின் மோட்டார் சைக்கிளில், சிலர் பஸ்ஸில், சிலர் வெயிலில் நடந்து. கையில் கிளினிக் கொப்பி, ஒரு போத்தில் தண்ணீர், இடுப்பில் மூத்த பிள்ளை.

அப்படியொரு நாளில், மகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு தாய் என் அருகில் அமர்ந்திருந்தார். பேச்சு வாக்கில் அவர் சொன்னார்: "இவளை நான் இஞ்சதான் பெத்தனான் பிள்ளை. தொண்ணூற்றேழாம் ஆண்டு. இரவு பத்து மணிக்குக் குத்துத் தொடங்கினது. மாட்டு வண்டிலில ஏத்தி, அரிக்கன் லாம்பைப் பிடிச்சுக்கொண்டு கொண்டு வந்தவை. பள்ளத்தில விழுந்து விழுந்து வண்டில் வரேக்குள்ள, வழியிலயே பிறந்திடும் எண்டுதான் நினைச்சனான்."

பக்கத்தில் இருந்த மகள் சிரித்தாள். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையைக் கிளிநொச்சியில் பெற்றவள். "அம்மா இந்தக் கதையை எல்லா கிளினிக்கிலயும் சொல்லுவா அக்கா" என்றாள்.

தாய் வண்டிலில் வந்த வீதியில் இன்று ஓட்டோ ஓடுகிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. அப்படியிருந்தும், ஒரு பெண் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு வந்து சேராமல் தன் உயிரையோ பிள்ளையின் உயிரையோ இழக்கும் நிலை முற்றாக நீங்கிவிட்டதா? இல்லை. ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அக்கராயன் சுமந்த சுமை

அக்கராயன்குளத்தை நம்பி வயல் செய்யும் விவசாயக் கிராமம் இது. 1995 ஒக்டோபரின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்களில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தனர். அடுத்த ஆண்டே, 1996 இல், கிளிநொச்சி நகரம் யுத்தகளமானது. நகரத்து மக்களோடு கிளிநொச்சி வைத்தியசாலையும் இடம்பெயர்ந்து அக்கராயனுக்கு வந்தது. ஒரு கிராமத்து வைத்தியசாலை ஒரு மாவட்டத்தின் வைத்தியசாலையாக மாறியது.

மருந்துக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மின்சாரம் இல்லை. இரவுப் பிரசவங்கள் லாம்பு வெளிச்சத்தில் நடந்தன. காயப்பட்டவர்களும், மலேரியாக் காய்ச்சலால் நடுங்கியவர்களும், பிள்ளை பெற வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் கிடந்தார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு மலேரியா வந்தால் இரத்தம் குறையும், கரு கலையலாம், பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். அன்று வன்னித் தாய்மாரைப் பெரிதும் வாட்டிய நோய் அது. 2012 இற்குப் பின்னர் இலங்கைக்குள்ளேயே தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தியாகும்.

வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களுக்கு ஊர் மருத்துவிச்சிமார் கைகொடுத்தார்கள். பலர் பதுங்குகுழிக்குள்ளேயே பிள்ளை பெற்றார்கள். அந்த மூதாட்டிகளின் கைராசியில் தப்பிய உயிர்கள் ஏராளம். ஆனால் இரத்தம் கட்டுக்கடங்காமல் போகும்போதோ, வலிப்பு வரும்போதோ, பிள்ளை குறுக்கே கிடக்கும்போதோ அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாதிருந்தது. அப்படி இழந்த தாய்மாரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மூத்த பெண்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

2008 இன் பிற்பகுதியில் அக்கராயன் மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனில் ஒரு தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு பெப்ரவரி 10 இலிருந்து மே 9 வரை கப்பல் மூலம் நோயாளரும் காயமடைந்தோரும் உடன் சென்றோருமாக ஏறத்தாழ 14,000 பேரை அங்கிருந்து வெளியேற்றியது. நிறைமாதத்தோடு கடற்கரை மணலில் படுத்திருந்த சகோதரிகள் இன்று நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று பாடசாலையில் உயர் வகுப்புப் படிக்கிறார்கள். மெனிக்பாம் முகாம் கூடாரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் பாலூட்டிய தாய்மார், 2009 இன் இறுதியிலிருந்து படிப்படியாக ஊர் திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தாய் இறந்தால், "யுத்தம் கொன்றது" என்று சொன்னோம். இன்று எதைச் சொல்வது?

நாடு கண்ட முன்னேற்றம்

1930 களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000 இற்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவங்களில் ஒரு தாயாவது இறந்தாள். இன்று அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 30 ஆகக் குறைந்துள்ளது. நம்மைவிடப் பல மடங்கு செல்வம் படைத்த நாடுகள் சிலவும் எட்டாத நிலை இது.

இதனைச் சாதித்தது விலை உயர்ந்த இயந்திரங்கள் அல்ல. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதிலிருந்து ஊர்தோறும் வீடு தேடிச் செல்லும் பயிற்றப்பட்ட மருத்துவமாதரின் சேவை வளர்ந்தது. இன்று நாம் 'மிட்வைப் மிஸ்' என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் அந்த வழியில் வந்தவரே. இலவச வைத்தியசாலையும், பெண்கள் எழுத வாசிக்கக் கற்றதும் அவருக்குத் துணை நின்றன.

உலக அளவில் 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் அதன் பின்னரும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நாளொன்றுக்கு 700 இற்கும் அதிகம். இவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக் கூடியவை. பேற்றுக்குப் பின்னான இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், கிருமித் தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, முன்பே இருந்த இருதய நோய் போன்றவையே முக்கிய காரணங்கள். இவற்றுள் பலவற்றுக்கு மருந்து உண்டு. அந்த மருந்திருக்கும் இடத்துக்குப் பெண் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே கேள்வி.

1994 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதனை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, வைத்தியசாலைக்குப் போவதென்று வீட்டில் முடிவெடுப்பதில் உள்ள தாமதம். இரண்டாவது, போய்ச் சேர்வதில் உள்ள தாமதம். மூன்றாவது, போய்ச் சேர்ந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் உள்ள தாமதம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீட்டுச் சுணக்கம், வழிச் சுணக்கம், வாட்டுச் சுணக்கம் எனலாம்.

வீட்டுச் சுணக்கம்

மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாதது இதுதான். இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றையே சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கோழி வளர்ப்பு உதவிக்கான படிவம் நிரப்ப ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தங்கைக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "தலையிடிக்குது அக்கா, வெயிலுக்குள்ள நிண்டதாலயாக்கும்" என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே கையெழுத்து வைத்தாள். நான், "பனடோல் ஒன்றைப் போட்டிட்டுப் படும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். சமூகவியலில் பட்டம் பெற்ற எனக்கு, அந்த வீட்டின் வருமானத்தையும் கடனையும் கணக்கிடத் தெரிந்தது. அவளின் வீங்கிய காலை வாசிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் தலையிடி கூடியது. கண் மங்கலானது. கணவர் வவுனியாவில் மேசன் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் நல்லவர்; ஆனால் மகனைக் கேட்காமல் மருமகளைக் கொண்டுபோக அவருக்குப் பயம். ஓட்டோவுக்குக் காசும் இல்லை. "விடியட்டும், அவன் வந்திடுவான்" என்று இருந்தார்கள். இரவு வலிப்பு வந்தது. அயலவர்கள் சேர்ந்து கொண்டுபோனார்கள். தாய் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை.

அந்தத் தங்கை என்னை ஒருநாளும் குறை சொல்லவில்லை. அன்று அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வார்த்தை: "இப்பவே வெளிக்கிடும், பிறசர் பார்ப்பம்." அதை நான் சொல்லவில்லை.

கர்ப்ப காலத்தில், பெரும்பாலும் இருபது வாரங்களுக்குப் பிறகு, சிலருக்கு இரத்த அழுத்தம் கூடும். சிறுநீரில் புரதம் போகும். இதனை முன்வலிப்பு நிலை என்பர். 140 இற்கு 90 அல்லது அதற்கு மேல் பிறசர் இருந்தால் அது அபாய எச்சரிக்கை. கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகமும் கையும் வீங்குதல் என்பன வலிப்புக்கு முந்திய அறிகுறிகள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற் என்ற மருந்து உண்டு. அது புதிய மருந்தும் அல்ல, விலை கூடியதும் அல்ல. ஆனால் அது வீட்டில் இல்லை, வைத்தியசாலையில்தான் இருக்கிறது.

எனவே சகோதரிகளே, நமது வீடுகளில் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வைப்போம். கணவர் இல்லாத நேரத்தில் ஆபத்து வந்தால் முடிவெடுப்பவர் யார்? மாமியாரா, தாயா, அயல் வீட்டு அக்காவா? "என்னைக் கேட்க வேண்டாம், உடனே கொண்டு போங்கோ" என்று கணவரே முதலில் சொல்லி வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டை யார் கட்டுவது, அவசரத்துக்கு எவ்வளவு காசு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஏழாம் மாதத்துக்கு முன்பே பேசி முடிய வேண்டியவை. வயல் விதைப்புக்குத் திட்டம் போடும் நாம், பிள்ளைப்பேற்றுக்கும் திட்டம் போட முடியாதா?

வழிச் சுணக்கம்

அக்கராயனிலிருந்து கிளிநொச்சி நகரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பகலில் இது பெரிய தூரம் அல்ல. மாரியில், இரவில், உள்ளொழுங்கையில் தண்ணீர் நிற்கும்போது அது வேறு தூரம். சத்திரசிகிச்சை மூலமான பிரசவத்துக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் பெண்கள் சுகாதாரத்துக்கென அமைக்கப்பட்ட சிறப்புப் பிரிவு 2024 இல் திறந்து வைக்கப்பட்டது.

பிரசவத்துக்குப் பின் இரத்தம் கட்டுக்கடங்காமல் போனால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே ஒரு ஆரோக்கியமான பெண்கூட இறக்கலாம். முன்பே இரத்தச்சோகை உள்ளவளுக்கு அந்த அவகாசமும் இல்லை. அதனால்தான் வீட்டுப் பிரசவம் ஆபத்தானது என்று சொல்கிறோம். மருத்துவிச்சி அம்மாமாரை அவமதிப்பதற்காக அல்ல.

1990 என்ற இலக்கத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். இது இலவச அம்புலன்ஸ் சேவை. இந்திய அரசின் நன்கொடையில் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. அழைப்புக்கும் காசு இல்லை, பயணத்துக்கும் காசு இல்லை. தமிழில் பேசலாம். அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு, அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சந்தியையோ சொல்லுங்கள். ஒருவர் ரோச் லைற்றோடு வீதிக்கு வந்து நில்லுங்கள். ஒரே மாதிரியான படலைகளுக்கு நடுவே இருட்டில் வீடு தேடி அலைவதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

வீடு உள்ளே இருந்தால், அல்லது முன்பு சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர் என்றால், குறித்த திகதிக்கு முன்பே வைத்தியசாலையில் அனுமதி பெறுவது பற்றி கிளினிக்கில் கேளுங்கள். "முன்னுக்கே போய் வாட்டில கிடக்கிறதோ" என்று சலிக்க வேண்டாம்.

வாட்டுச் சுணக்கம்

வைத்தியசாலைக்குள் கால் வைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஆளணிப் பற்றாக்குறை வன்னியில் நீண்டகாலப் பிரச்சினை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து வாட்டின. இவை நாம் தனியாகத் தீர்க்கக்கூடியவை அல்ல. ஆனால் கூட்டாகக் கேட்கக்கூடியவை. மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் வீதிக்கும் குளத்துக்கும் மனுக் கொடுப்பதுபோல், "எங்கள் பிரிவுக்கு மிட்வைப் வேண்டும், இரவில் வைத்தியர் வேண்டும்" என்றும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு மனுக் கொடுக்கலாம்.

நாம் தனியாகச் செய்யக்கூடியதும் உண்டு. கிளினிக் கொப்பியை எப்போதும் கையோடு கொண்டு போவது அதில் முதன்மையானது. இரத்த வகை, பிறசர், இரத்தத்தின் அளவு, முந்திய பிரசவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மயங்கிய நிலையில் நீங்கள் போனாலும் அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். அடுத்தது, கேட்பதற்குப் பயப்படாமல் இருப்பது. "இது என்ன ஊசி?", "எனக்கு ஏன் பிறசர் கூட?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இருதய நோயோ, சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலோ, வலிப்போ, யுத்தத்தில் பட்ட காயமோ, உடம்பில் இருக்கும் எறிகணைச் சிதறலோ எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றிலோ இடுப்பிலோ முள்ளந்தண்டிலோ காயப்பட்ட பெண்கள் இதனை முதல் கிளினிக்கிலேயே சொல்வது மிக முக்கியம். எப்படிப் பட்ட காயம் என்ற கதை தேவையில்லை. எங்கே இருக்கிறது என்பதே வைத்தியருக்குத் தேவை.

தனித்து நிற்கும் பெண்

நமது பகுதியில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகம். கணவரை இழந்தவர்கள், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கைவிடப்பட்டவர்கள். இவர்களில் ஒருவர் கர்ப்பமுற்றால் ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஐந்தாம், ஆறாம் மாதம் வரை சேலையைத் தளரக் கட்டி மறைப்பவர்கள் உண்டு. இதுவும் ஒரு சுணக்கமே. அதை உண்டாக்குவது அந்தப் பெண் அல்ல; நாங்கள்.

கர்ப்பிணியாகப் பதிவதற்குக் கலியாணச் சான்றிதழ் தேவையில்லை. எட்டு வாரங்களுக்குள் பதிவது நல்லது. பிந்தினாலும் பதியலாம். எந்த நிலையிலுள்ள பெண்ணுக்கும் கிளினிக் உரிமை உண்டு.

இன்னொன்றையும் மனம் திறந்து பேச வேண்டும். இலங்கைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறு எதற்காகவும் கருக்கலைப்புச் செய்ய முடியாது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை விதி அது. அதனால் பயந்த பெண்கள் இரகசியமாகக் குளிசை வாங்குகிறார்கள். தெரியாதவர்களின் கையில் உடலைக் கொடுக்கிறார்கள். அதன் பின் இரத்தப்போக்கோ, காய்ச்சலோ, துர்நாற்றமோ ஏற்பட்டால் வெட்கத்தினால் வீட்டில் கிடக்கிறார்கள். அப்படிக் கிடக்காதீர்கள். எப்படி நேர்ந்திருந்தாலும் உயிரைக் காப்பது வைத்தியசாலையின் கடமை.

யுத்தத்தின் இறுதிக் காலத்தில், பிள்ளைகளை ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பல பெற்றோர் பதினாறு, பதினேழு வயதிலேயே கலியாணம் செய்து வைத்தார்கள். அந்த இக்கட்டு இன்று இல்லை. ஆனால் பழக்கம் முற்றாகப் போகவில்லை. 1995 முதல் திருமணத்துக்கான குறைந்த வயது 18 ஆகும். வளர்ந்து முடியாத உடலில் இரத்தச்சோகையும் முன்வலிப்பும் நிறை குறைந்த பிள்ளையும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியொரு பிள்ளை கர்ப்பமாகிவிட்டால், பொலிசுக்குப் பயந்து அவளை ஒளித்து வைக்காதீர்கள். சட்டத்தின் கேள்வியைப் பெரியவர்கள் எதிர்கொள்ளலாம். பிள்ளைக்கு முதலில் வேண்டியது கிளினிக்.

கேட்டு, விளங்கி, சம்மதித்து

அடுத்த பிள்ளை எப்போது, அல்லது இனி வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதும் தாயின் உயிரோடு தொடர்புடையது. ஒரு பிரசவத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகளாவது உடம்புக்கு ஓய்வு வேண்டும்.

ஆனால் முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும். 2013 ஓகஸ்ட் இறுதியில் நமது மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோரக் கிராமங்களில், பிள்ளைகளின் போஷாக்குப் பரிசோதனைக்கென வந்த தாய்மாருக்குச் சரியான விளக்கமோ உண்மையான விருப்பமோ இன்றிக் கையில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின் அந்தப் பக்கங்களில் சிலர் கிளினிக்குக்கே போகத் தயங்கினார்கள் என்பதையும் நான் கேட்டிருக்கிறேன். நம்பிக்கை உடைந்தால் அதுவும் ஒரு சுணக்கமாகிவிடுகிறது.

தோலுக்குள் வைக்கும் குச்சி தவறான முறை அல்ல. பல ஆண்டுகள் பயன் தரும், விரும்பினால் எடுத்துவிடலாம். குளிசை, ஊசி, லூப், ஆணுறை என்று வேறு முறைகளும் உண்டு. எது எப்படி வேலை செய்யும், என்ன பக்க விளைவு வரும், எப்போது நிறுத்தலாம் என்று கேட்டு விளங்கிய பின் சம்மதியுங்கள். "யோசிச்சுச் சொல்லுறன் மிஸ்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பிள்ளை பிறந்த பின்

பிள்ளை கைக்கு வந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் 24 மணித்தியாலமே தாய்க்கு மிக ஆபத்தான நேரம். பிள்ளைக்கு முதல் வாரம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். அந்த மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சி ஊற்றிவிடக் கூடாது. நிறை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பது நல்ல சூடு தரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம். கொப்பூழில் சாம்பலோ எண்ணெயோ பூச வேண்டாம்.

காயச் சரக்குக் கறியும் உள்ளி போட்ட பத்தியமும் நம் தாய்மார் அன்போடு ஆக்கித் தருபவை. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் "வயிறு வைக்கும்" என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. பாலூட்டும் தாய்க்குத் தாகம் தீரத் தண்ணீர் வேண்டும். மீன், முட்டை, கீரை, பயறு எல்லாம் வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தாதீர்கள். தேத்தண்ணியோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். திரிபோஷாவைத் தாய் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தால் தாய்க்கு மிஞ்சுவது ஒரு கரண்டிதான்.

முப்பத்தொரு நாள் துடக்கு என்று தாயைத் தனி அறையில் விடும்போது, அவளின் மனதையும் பாருங்கள். பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நித்திரை இல்லை, காரணமின்றி அழுகை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால் அது பேயும் அல்ல, சோம்பலும் அல்ல. யுத்தத்தில் உறவுகளை இழந்த பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பழைய துயரங்களைக் கிளறிவிடுவதுண்டு. அதற்கும் சிகிச்சை உண்டு. மிட்வைப்பிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையாவது மிட்வைப் வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

கர்ப்ப காலத்தில்: எந்த அளவிலும் இரத்தம் படுதல், கடுமையான தலையிடி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், பன்னீர்க்குடம் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல்.

பிரசவத்தின் பின்: துணி விரைவாக நனைந்து இரத்தம் போதல், காய்ச்சலும் துர்நாற்றமும், தலையிடி, வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சு நோ, மூச்சுத் திணறல்.

பிள்ளைக்கு: பால் குடிக்காமை, உடம்பு சுடுதல் அல்லது குளிர்தல், வேகமாக மூச்சு வாங்குதல், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாதல், கொப்பூழ் சிவந்து சீழ் வருதல், வலிப்பு.

இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

நான் வேலை செய்யும் ஒரு கிராமத்தில், பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சிறிய ஒழுங்கு செய்திருக்கிறார்கள். சிறுசேமிப்புக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சிறு தொகையை ஒரு பேணிக்குள் போடுகிறார்கள். அது கர்ப்பிணிகளின் அவசரப் பயணத்துக்கு மட்டும். எந்த வீட்டில் நிறைமாதம், எந்த ஓட்டோக்காரர் இரவில் வருவார், மற்றப் பிள்ளைகளை யார் வைத்திருப்பார் என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொப்பியைப் பொறுப்பாக வைத்திருப்பவள், அன்று பிள்ளையை இழந்த அதே தங்கைதான். பிறகு அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிறசர் கூடுகிறது என்று கண்டு நேரத்துக்கு வாட்டில் நிறுத்தி வைத்துப் பிறந்த பிள்ளை.

இப்போது நான் எந்த வீட்டுக்கு எந்தப் படிவத்தோடு போனாலும், அங்கே கர்ப்பிணி ஒருவர் இருந்தால் முதலில் அவர் காலைப் பார்க்கிறேன், கொப்பியைக் கேட்கிறேன். இதற்குத் தாதியாக இருக்க வேண்டியதில்லை. நீங்களும் செய்யலாம். உங்கள் அயலில் இன்று யாருக்கு நிறைமாதம்? ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.